வீட்டுக்கடன்: வட்டி விகிதத்துக்கு வெளியே போகும் பணம்

வீட்டுக்கடன் என்று பேச்சு எடுத்தாலே "எந்த பேங்க்ல வட்டி கம்மி?" என்பதுதான் முதல் கேள்வி. எட்டரையா, எட்டே காலா என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். மண்டப வாடகையை மட்டும் கேட்டுவிட்டுக் கல்யாணச் செலவு தெரிந்துவிட்டது என்று இருந்துவிட முடியாது. கடனும் அப்படித்தான். கரண்ட், ஜெனரேட்டர், பாத்திரம், துப்புரவு என்று பின்னால் வரும் பில்கள் இங்கேயும் உண்டு. மண்டபத்து பில் ஒரே நாளில் வந்துவிடும், கடனுடைய பில் இருபது வருடம் சிறுகச் சிறுக வருகிறது.

ஒரே உதாரணத்தை வைத்துக்கொண்டு போகலாம். தமிழ்நாட்டில் 62.5 லட்ச ரூபாய்க்கு ஒரு மறுவிற்பனை வீடு. கடன் 50 லட்சம், 20 வருடம், 8.5 சதவீத மாறும் வட்டி. மாதத்தவணை 43,391 ரூபாய்.

பத்திரப்பதிவு நாளுக்குள் போகும் பணம்

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு. அதனால் 62.5 லட்சத்தில் 12.5 லட்சம் நம் கையிலிருந்து வர வேண்டும். இதை எல்லோரும் எதிர்பார்த்தே வருகிறார்கள். பலர் இடறுவது அடுத்த படியில். அந்த 80 சதவீதக் கணக்கில் முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேராது. கிரயப் பத்திரத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம் என்று 5,62,500 ரூபாய் தனியாக வேண்டும். ஆக, முதலில் கையில் இருக்க வேண்டியது 18 லட்சத்துக்கும் மேல்.

வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து வீட்டைப் பார்த்து 58 லட்சம்தான் பெறும் என்று எழுதிவிட்டால், 80 சதவீதம் அந்த 58 லட்சத்தில்தான். விற்பவரிடம் பேசிய விலைக்கும் வங்கி ஏற்கும் விலைக்கும் நடுவில் விழும் இந்தப் பள்ளத்தைப் பலர் பர்சனல் லோன் போட்டு நிரப்புகிறார்கள். 5 லட்சத்தை 13 சதவீதத்தில் 5 வருடத்துக்கு எடுத்தால் மாதம் 11,377 ரூபாய், மொத்த வட்டி சுமார் 1.83 லட்சம். வீட்டுக்கடனில் கால் சதவீதம் குறைக்கப் பாடுபட்டுவிட்டு, இந்தப் பக்கம் 13 சதவீதத்துக்குக் கையெழுத்துப் போடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போடும் முன்பே மதிப்பீட்டு அறிக்கை என்ன சொல்லும் என்று தெரிந்துகொள்வது நல்லது. முடியாவிட்டால், குறிப்பிட்ட தொகை கடனாகக் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது எம்.ஓ.டி. மூல ஆவணங்களை வங்கியில் ஒப்படைப்பதற்கான குறிப்பாணை இது. தமிழ்நாட்டில் இதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். முத்திரைத் தீர்வை கடன் தொகையில் அரை சதவீதம், உச்சவரம்பு 30,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 6,000. நம் 50 லட்சத்துக்கு 25,000 சேர் 6,000, ஆக 31,000 ரூபாய். வங்கியின் விளம்பரத்தில் இது இருக்காது, ஏனென்றால் இது அரசுக்குப் போகிறது. ஆனால் கட்டுவது நாம்தான்.

பிராசசிங் ஃபீ அரை சதவீதம் என்றால் 25,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 29,500. வக்கீலின் லீகல் ஒப்பீனியனுக்கும் மதிப்பீட்டாளருக்கும் சில ஆயிரங்கள். 50 லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள வீடு என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். ஆகப் பிடித்து வருமானவரித் துறைக்கு வாங்குபவர் கட்ட வேண்டும். இது நம் செலவு அல்ல, விற்பவருடைய பணம்தான். ஆனால் பிடிக்க மறந்தால் வட்டியும் தாமதக் கட்டணமும் நம் தலையில் வந்து விழும்.

மறுவிற்பனை வீட்டில் இன்னொரு கசிவு உண்டு. பதிவுக்குச் சில நாள் முன்பே விற்பவர் பெயரில் வங்கி டி.டி. (வரைவோலை) எடுத்து வைத்துவிடும், அன்றே வட்டியும் ஓடத் தொடங்கிவிடும். 50 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி 1,164 ரூபாய். பதிவு பத்து நாள் தள்ளிப்போனால் 11,600 போச்சு. பணம் உண்மையில் கைமாறிய நாளிலிருந்துதான் வட்டி போட வேண்டும் என்று 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. முதல் மாத வட்டிக் கணக்கைப் பார்க்கும்போது தொடக்கத் தேதியைச் சரிபாருங்கள், தவறாக இருந்தால் எழுதிக் கேளுங்கள்.

8.40 பெரிதா, 8.50 பெரிதா?

இரண்டு கடன்களை எதிரெதிரே வைப்போம். முதல் வங்கி 8.40 சதவீதம். பிராசசிங் ஃபீ ஜி.எஸ்.டி.யோடு 29,500. கூடவே கடனுக்கு ஆயுள் காப்பீடு, ஒரே தவணை பிரீமியம் 1.5 லட்சம். "கையிலிருந்து கட்ட வேண்டாம் சார், லோன்லயே சேர்த்துக்கலாம்" என்பார்கள். இரண்டாவது வங்கி 8.50 சதவீதம், பிராசசிங் ஃபீ ஜி.எஸ்.டி.யோடு 11,800, காப்பீடு கிடையாது.

விகிதத்தை மட்டும் பார்த்தால் முதல் வங்கியில் மாதம் 316 ரூபாய் லாபம். ஆனால் காப்பீட்டைச் சேர்த்ததும் கடன் 51.5 லட்சம் ஆகிறது, தவணை 44,367. இரண்டாவது வங்கியில் 43,391. குறைந்த வட்டி வங்கியில்தான் மாதம் 976 ரூபாய் கூடுதல். அந்த 1.5 லட்சம் பிரீமியம் மட்டும் 20 வருடத்தில் 3.1 லட்சமாக வளர்ந்து நிற்கும்.

கடன் வாங்குபவருக்கு ஆயுள் காப்பீடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. குடும்பத்தில் ஒருவர் சம்பளத்தை நம்பி 50 லட்சம் கடன் எடுத்தால் காப்பீடு இருந்தே ஆக வேண்டும். அதை வங்கி காட்டும் நிறுவனத்திடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். தனியாக ஒரு டேர்ம் பாலிசிக்கு, அதாவது இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீட்டுக்கு, விலை கேட்டு ஒப்பிடுங்கள். கடனோடு ஒட்டிய பாலிசிகளில் பெரும்பாலும் கடன் குறையக் குறையக் காப்பீட்டுத் தொகையும் குறையும். தனி டேர்ம் பாலிசியில் தொகை அப்படியே நிற்கும், கடனை முன்கூட்டி முடித்தாலும் பாலிசி தொடரும். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை இருக்கிறது. பணம் திரும்ப வரும்போது அது கடன் கணக்கில் வரவு ஆகிறதா என்றும் பாருங்கள்.

இந்த ஒப்பீட்டை நாமே கால்குலேட்டரில் போடத் தேவையில்லை என்ற நிலை 2024 அக்டோபர் 1 முதல் வந்திருக்கிறது. தனிநபர்கள் வாங்கும் ஒவ்வொரு புதிய சில்லறைக் கடனுக்கும் கே.எஃப்.எஸ். என்ற முக்கியத் தகவல் அறிக்கையைக் கடன் கொடுப்பவர் தர வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு எண் இருக்கும். வட்டியோடு பிராசசிங் ஃபீ, கடன் கொடுப்பவர் வழியாக வசூலாகும் காப்பீடு, லீகல் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து, வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று சொல்லும் எண் அது. மேலே சொன்ன செலவுகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் முதல் வங்கியின் 8.40, ஏ.பி.ஆர். கணக்கில் சுமார் 8.89 ஆகிறது. இரண்டாவது வங்கியின் 8.50 சுமார் 8.53-இல் நிற்கிறது.

கே.எஃப்.எஸ்.ஸில் இல்லாத கட்டணத்தை, உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. சம்மதக் கடிதத்தை எல்லா ஃபார்ம்களோடும் அடுக்கி நீட்டும்போது கவனமாக இருங்கள். அறிக்கை கைக்கு வந்த பிறகு குறைந்தது மூன்று வேலை நாட்கள் அந்த நிபந்தனைகள் மாறாமல் இருக்கும். அந்த மூன்று நாளில் வீட்டில் உட்கார்ந்து படியுங்கள், வங்கி மேசையில் வேண்டாம்.

ஏ.பி.ஆர். எண்ணுக்கும் ஒரு குறை உண்டு. கடன் 20 வருடமும் ஓடும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. ஏழெட்டு வருடத்தில் முடிக்கப் போகிறீர்கள் என்றால், முதலிலேயே கட்டிய கட்டணம் குறைந்த வருடங்களில் பரவுவதால் உங்கள் உண்மையான சதவீதம் அதைவிடக் கூடும். சீக்கிரம் அடைக்கும் எண்ணம் இருப்பவர்கள், விகிதத்தில் 0.05 குறைவதைவிட முன்கட்டணம் குறைவாக இருப்பதைப் பார்ப்பதே சரி.

தவணைக்குள் என்ன நடக்கிறது

43,391 ரூபாயின் முதல் தவணையில் வட்டி 35,417. அசலுக்குப் போவது 7,974 மட்டும். முதல் வருடம் 5.2 லட்சம் கட்டியிருப்பீர்கள், கடன் ஒரு லட்சம்கூடக் குறைந்திருக்காது. ஐந்து வருடத்தில் 26 லட்சம் கட்டிய பிறகும் பாக்கி 44.06 லட்சம். கடன் பாதியாக, அதாவது 25 லட்சமாகக் குறைய 13 வருடம் 10 மாதம் ஆகும். கடைசி வரை போனால் கட்டும் மொத்தம் 1.04 கோடி.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மாதாமாதம் குறையும் பாக்கிக்கு மட்டும்தான் வட்டி. ஆரம்பத்தில் பாக்கி பெரிது, அதனால் வட்டியும் பெரிது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டவர்களுக்கு ஒன்று விளங்கும்: கடனின் விலையைத் தீர்மானிப்பதில் விகிதத்துக்கு இருக்கும் பங்கைவிட மாதங்களின் எண்ணிக்கைக்குப் பங்கு அதிகம். அந்த எண்ணிக்கை நமக்குத் தெரியாமலே மாறுவதுதான் மாறும் வட்டியின் ஆபத்து.

2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தோடு, இணைக்கப்பட்டிருக்கின்றன. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. 2021-இல் 6.7 சதவீதத்தில் 50 லட்சத்தை 20 வருடத்துக்கு எடுத்த ஒருவரை வைத்துப் பாருங்கள். தவணை 37,870. ஒரு வருடம் கட்டிய பிறகு பாக்கி 48.77 லட்சம். கணக்கு எளிதாக இருக்க அந்த 2.5 சதவீதமும் அப்போதே ஏறியது என்று வைத்துக்கொள்வோம். 9.2 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டும் 37,389. தவணையில் அசலுக்கு மிஞ்சுவது 481 ரூபாய். அதே தவணையைத் தொடர்ந்தால் கடன் முடிய இன்னும் 47 வருடத்துக்கும் மேல் ஆகும். "என் இ.எம்.ஐ. ஏறவே இல்லை" என்று நிம்மதியாக இருந்தவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். தவணை ஏறாமல் மாதங்கள் ஏறிக்கொண்டிருந்தன.

சிறிய ஏற்றத்திலும் இதே கதைதான். நம் 50 லட்சக் கடன் தொடங்கியதும் 8.5 என்பது 9 ஆகிறது. தவணையை 44,986 ஆக்கினால், மாதம் 1,595 கூடுதல், மொத்தம் 3.8 லட்சம் அதிகம். தவணையை ஏற்றாமல் விட்டால் கடன் 267 மாதம் ஓடும். 27 மாதம் கூடுதல், சுமார் 11.8 லட்சம் அதிகம். வித்தியாசம் 8 லட்சம்.

2023 ஆகஸ்ட் 18 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை இந்த இடத்தில் நமக்கு உரிமை கொடுக்கிறது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். காலத்தை நீட்டினாலும் தவணை வட்டிக்கே போதாமல் அசல் ஏறும் நிலை வரக்கூடாது. நடைமுறையில் வரும் குறுஞ்செய்தியை யாரும் படிப்பதில்லை. பதில் சொல்லாவிட்டால் பெரும்பாலும் காலம்தான் நீளும். வருடத்துக்கு இரண்டு முறை வங்கிச் செயலியில் "மீதமுள்ள மாதங்கள்" என்ற எண்ணை மட்டும் பாருங்கள். போன முறை 214, ஆறு மாதம் கழித்து 208 என்று இருக்க வேண்டும். 214-இலேயே நின்றாலோ 220 ஆனாலோ உடனே வங்கிக்கு எழுத வேண்டும். பின்னால் வட்டி இறங்கும்போதும் இதே எண்ணைப் பாருங்கள். ரெப்போ இறங்கிய பலன் வந்து சேர்ந்ததா என்பது இங்கேதான் தெரியும்.

வீட்டுவசதி நிதி நிறுவனங்களின் கடன்கள் இந்த ரெப்போ இணைப்புக் கட்டாயத்துக்குள் வராது. அவை தங்கள் சொந்த அளவுகோலை வைத்திருக்கின்றன. அதனால் புதிய வாடிக்கையாளருக்கு 8.5, பழைய வாடிக்கையாளருக்கு 9.5 என்று ஒரே நிறுவனத்தில் நடக்கலாம். அங்கே கடன் வாங்கினால், பின்னால் குறைந்த விகிதத்துக்கு மாற வட்டி மாற்றக் கட்டணம் எவ்வளவு என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கட்டி முடியாத வீடு

அடுக்ககம் கட்டிக்கொண்டிருக்கும்போது கடன் எடுத்தால், பில்டருக்குப் போன தொகைக்கு மட்டும் மாத வட்டி கட்டுவோம். இதற்கு ப்ரீ-இ.எம்.ஐ. என்று பெயர். இதில் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. இரண்டரை வருடக் கட்டுமானத்தில் சராசரியாகப் பாதிக் கடன், 25 லட்சம், வெளியே போயிருந்தால் 5.3 லட்சம் வட்டி. குடியிருக்கும் வீட்டு வாடகை இதற்கு மேல். 45 லட்சம் கொடுத்துவிட்ட நிலையில் வேலை ஒரு வருடம் தாமதமானால் இன்னொரு 3.8 லட்சம். தாமதத்துக்கு வட்டி கேட்டு ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் அதுவரை மாத வட்டியை நாம்தான் கட்டியாக வேண்டும். இதோடு கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., மலிவு விலை வரையறைக்குள் வந்தால் 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை. "சதுர அடிக்கு 400 ரூபாய் கம்மி" என்று இப்போதே புக் செய்யச் சொல்லும்போது, இந்த வட்டியையும் வரியையும் சதுர அடிக்கு வகுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வரிச்சலுகையை நம்பிக் கடன் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு வருடம் 2 லட்சம் வரை கழிவு என்பது பழைய வரி முறையில் மட்டும்தான். இப்போது இயல்பாக வரும் புதிய முறையில் அது கிடையாது.

முன்கூட்டி அடைப்பதும், வங்கி மாற்றுவதும்

தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. 2012-இல் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டது. நிலையான வட்டிக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, கே.எஃப்.எஸ்.ஸில் பார்க்க வேண்டும்.

முதல் வருட முடிவில் ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டினால் கடைசியில் 11 தவணை குறையும், ஏறக்குறைய 4.8 லட்சம். அதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாவது வருட முடிவில் கட்டினால் குறைவது மூன்றரைத் தவணை, 1.5 லட்சம். இதைக் காட்டி "ஒரு லட்சம் போட்டால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த 4.8 லட்சம் இருபதாவது வருடத்தில் மிச்சமாவது. சரியாகச் சொன்னால், முன்கூட்டிக் கட்டும் பணம் 8.5 சதவீதத்தில், வரியில்லாமல், ஆபத்தில்லாமல் வளர்கிறது. வங்கி வைப்புநிதியில் வரி போக அந்த அளவு கிடைக்காது. ஆனால் ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக ஒதுக்கிய பிறகே இதைச் செய்யுங்கள். கடனில் கட்டிய பணம் அவசரத்துக்குத் திரும்ப வராது.

கட்டும்போது "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். கவுண்டரில் வாய்மொழியாகச் சொன்னது பல நேரம் கணினியில் ஏறுவதில்லை.

வேறு வங்கிக்கு மாற்றுவதில் அரை சதவீதம் குறையும் என்றால் கணக்கு இப்படி. ஐந்தாவது வருடம், பாக்கி 44.06 லட்சம், மீதி 15 வருடம். 8.5-இலிருந்து 8-க்கு வந்தால் தவணை 42,110, மாதம் 1,281 மிச்சம். ஆனால் புது வங்கிக்குப் புது எம்.ஓ.டி., அதற்கு மட்டும் 28,000. பழைய வங்கியின் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணப் பதிவு, பிராசசிங் ஃபீ, லீகல் எல்லாம் சேர்த்து 45,000 ஆனால், மூன்று வருடம் கழித்துத்தான் லாபம் தொடங்கும். அதற்கு முன், இருக்கும் வங்கியிலேயே விகிதத்தைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். வேறு வங்கியின் ஒப்புதல் கடிதத்தை இணைத்துக் கேட்டால் பலருக்குக் குறைத்திருக்கிறார்கள். மாற்றியே ஆக வேண்டுமானால், மீதி 15 வருடத்தை மறுபடி 20 ஆக்கிவிடாதீர்கள். தவணை கணிசமாகக் குறைந்தது போலத் தெரியும், குறைந்த வட்டியின் பலன் முழுவதும் அந்த ஐந்து வருடத்திலேயே கரைந்துவிடும்.

கடைசித் தவணைக்குப் பிறகு

கடன் அடைந்த 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறை. ஆவணம் கைக்கு வந்ததோடு வேலை முடியவில்லை. எம்.ஓ.டி. பதிவானதால் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் நிற்கும். வங்கி அதிகாரி கையெழுத்திடும் ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான், கடன் தீர்ந்தது அதில் ஏறும். இதற்கும் கட்டணமும் ஒரு நாள் அலைச்சலும் உண்டு. அதைச் சோம்பல்பட்டு விட்டவர்கள், பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது, இணைந்துபோன கிளையையும் மாற்றலாகிப்போன அதிகாரியையும் தேடி அலைகிறார்கள். பதிந்த ஒரு வாரம் கழித்துப் புது வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பாருங்கள். கூடவே உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கடன் "முடிந்தது" என்று ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்கெல்லாம் கை கொடுக்கும் காகிதம் ஒன்று முதல் நாளிலேயே வாங்க வேண்டியது: நீங்கள் ஒப்படைத்த தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, வரைபட அனுமதி என ஒவ்வொன்றையும் எண், தேதி, பக்கங்களோடு எழுதி, வங்கி முத்திரை போட்டுத் தரும் பட்டியல். எது அசல், எது நகல் என்பதும் அதில் இருக்க வேண்டும். அதை வங்கிப் பாஸ்புக்கோடு போடாமல், தனி உறையில் வீட்டில் வையுங்கள்.